வீட்டில் ‘காஞ்சு போனாய்’, கம்பஸில் ‘குண்டு’: எந்தக் கண்ணாடியை நம்புவது?

பாலைப்பழம் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கே என்பது வேண்டாம், வயலில் பிராக்டிகல் இருக்கிற படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். உயரம் 156 செ.மீ. முதலாம் வருடம் வரும்போது 52 கிலோ. விடுதிச் சாப்பாடு, இரவில் கொத்து, படிக்கும்போது பிஸ்கட் என்று இரண்டு வருடத்தில் 58 ஆகிவிட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை. பட்ச் ட்ரிப் போன படத்தை ஒருவர் குரூப்பில் போட்டு, என் தலை இருந்த இடத்தில் ஒரு யானைத் தலையை ஒட்டியபோதுதான் கவனித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அன்றிலிருந்து காலையில் பிளேன்ரீ மட்டும். மத்தியானப் பார்சலில் கால்வாசி. இரவில் ஒரு வாழைப்பழம், சில நாள் அதுவும் இல்லை. இரண்டரை மாதத்தில் 51. “என்ன டயட், எங்களுக்கும் சொல்லித் தாவன்” என்று கேட்டார்கள், யானை ஒட்டின அதே ஆள் உட்பட. சந்தோசமாகத்தான் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நாற்று நடுகிற பிராக்டிகல். காலை பத்தரை மணி, சிறுபோக வெயில் தெரியும்தானே. கையில் நாற்றுமுடி. சேற்றின் பளபளப்பு அப்படியே வெள்ளையாகப் போனது. அடுத்து நினைவிருப்பது, வரம்பில் கிடத்தியிருந்தார்கள், யாரோ என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் விழுந்ததால் அடி இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா படலையடியிலேயே “என்ன பிள்ளை இப்பிடிக் காஞ்சு போனாய், அங்க சாப்பாடு தாறேல்லையோ” என்று அழத் தொடங்கிவிட்டார். பின்னேரம் வந்த மாமி என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்பதான் வடிவாய் இருக்கிறாய், இதை அப்பிடியே வைச்சிரு” என்கிறார்.

எடை கூடவும் விருப்பமில்லை, மறுபடி சேற்றில் விழவும் விருப்பமில்லை. ஜிம்முக்குக் காசில்லை. காசிருந்தாலும் அங்கே நிற்கத் தைரியமில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?


நேரடியாச்சொல்லுவன் | ஞாயிறு இரவு 10.05

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். எங்கள் காலத்தில் பட்டப்பெயர் இல்லாத பெடியன் இல்லை, பெட்டையும் இல்லை. யாரும் மயங்கி விழவில்லை. மெலிய வேணும் என்றால் வாயைக் கட்டு, விடிய எழும்பி ஓடு. இதற்கு ஒரு இழை வேணுமா?


ரைஸ்குக்கர் | ஞாயிறு இரவு 10.11

அண்ணை, அவ வாயைக் கட்டித்தான் விழுந்தவா. பதிவை வாசித்தீர்களா, இல்லை தலைப்போடு நிற்பாட்டிவிட்டீர்களா?


உள்ளூர்த்தாதி | ஞாயிறு இரவு 11.30

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். பாலைப்பழம் தங்கச்சி, முதலில் ஒரு கேள்வி. இங்கே சொல்ல விருப்பமில்லை என்றால் தனிமடலில் சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

அதற்கிடையில் கணக்கைப் பார்ப்போம். கிலோவை, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை பிரித்தால் வருவது பி.எம்.ஐ. 58 கிலோவில் உங்களுக்கு 23.8. பொதுவான அட்டவணையில் 18.5 முதல் 25 வரை சாதாரணம். ஆனால் எங்களைப் போன்ற ஆசிய உடம்புகளில் அதற்கு முன்னரே சலரோகமும் பிரஷரும் எட்டிப் பார்ப்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23ஐயும் 27.5ஐயும் ஆசியர்கள் கவனிக்க வேண்டிய புள்ளிகளாக வைத்தது. அப்படிப் பார்த்தால் நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான். 56க்கு இறங்கியிருந்தால் கணக்குச் சரி. இரவுக் கொத்தையும் பிஸ்கட்டையும் குறைத்து, நாலைந்து மாதம் எடுத்து, ஒருவருக்கும் தெரியாமல் செய்திருக்கக்கூடிய வேலை.

இப்போது 51இல் 21. பார்க்க நல்ல எண். அந்த நல்ல எண்ணோடுதான் சேற்றில் விழுந்திருக்கிறீர்கள். தராசுக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது தெரியாது.

வயிறு வைக்கிறவர்களுக்கு (அண்ணைமாரே, உங்களுக்கும்தான்) தையல் நாடா போதும். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிற உடம்பு எங்கள் ஆட்களிடம் அதிகம். பி.எம்.ஐ. அதைக் காட்டாது.


பாலைப்பழம் | ஞாயிறு இரவு 11.52

அக்கா, இங்கேயே சொல்கிறேன், வேறு யாருக்கும் உதவலாம். இரண்டு மாதமாக வரவில்லை. சோதனை டென்ஷன் என்று நினைத்தேன்.


உள்ளூர்த்தாதி | திங்கள் காலை 6.10

அதற்காகத்தான் கேட்டேன். டென்ஷனாகவும் இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டரை மாதக் கதையோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் சாப்பாட்டில்தான். உள்ளே வருகிற சக்தி போதாவிட்டால் உடம்பு ‘இப்போதைக்குப் பிள்ளை பெறுகிற வேலை வேண்டாம்’ என்று அந்தச் சுவிட்சை நிற்பாட்டிவிடும். அது நீண்டால் எலும்பையும் அரிக்கும். உங்கள் வயது எலும்பு சேர்க்கிற வயது, பிறகு சேர்ப்பது கஷ்டம்.

இந்தக் கிழமையே ஒரு டாக்குத்தரிடம் போங்கள். மயங்கியதையும் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடச் சேரும். அப்புறம், சாப்பிட்ட பிறகு குற்றவுணர்வு வருகிறது, வாந்தி எடுக்கலாமா என்று தோன்றுகிறது என்றால் அதையும் டாக்குத்தரிடம் மறைக்க வேண்டாம். நேரே சொல்ல வெட்கமாக இருந்தால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.


இரும்புக்கை | திங்கள் மத்தியானம் 12.20

பெடியளின் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். எனக்கு நேர்மாறான பிரச்சினை. 171 செ.மீ., 53 கிலோ. பெயர் ‘ஈர்க்கு’. முதலாம் வருடத்திலிருந்து இதுதான் பெயர், என் சொந்தப் பெயர் தெரியாத ஜூனியர்ஸ் இருக்கிறார்கள்.

வவுனியா டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே, புரதப் பவுடர் எடுக்காமல் உடம்பு வராது என்று ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் காசில் சேர்த்தது, அம்மாவிடம் புத்தகம் வாங்க என்று பொய் சொல்லி எடுத்தது எல்லாம் அதற்குள் போனது. மூன்று மாதத்தில் 4 கிலோ கூடியது. டப்பா முடிய 2 கிலோ இறங்கியது. இப்போது அவர்கள் கிரியேட்டின் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம், கிளினிக் போய் வருகிறார். பயமாக இருக்கிறது. எடுக்கலாமா?


உள்ளூர்த்தாதி | திங்கள் இரவு 8.45

தம்பி, வவுனியா மாவட்டம் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள மாவட்டங்களில் ஒன்று. வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறது. ஆகவே டப்பாவைத் தொடுவதற்கு முன் இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தைப் புரதம் பழுதாக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதானதற்குப் பாரம்தான். ஒருவருக்குப் பழுது தொடங்கியிருப்பது வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். கிரியேட்டின் எடுக்கிறவருக்கு இரத்தத்தில் ‘கிரியேட்டினின்’ (சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு, சோதனையில் பார்ப்பது இதைத்தான்) கொஞ்சம் கூடிக் காட்டும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும். அதை டாக்குத்தரிடம் சொல்லாமல் சோதித்தால் வீண் குழப்பம். லேபல் கிழிந்த, சில்லறையாகக் கட்டிக் கொடுக்கிற பவுடர் என்றால் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.


ரைஸ்குக்கர் | திங்கள் இரவு 9.30

ஈர்க்கு மச்சான், என் பெயரைப் பார்த்தாலே விளங்கும், விடுதியில் தடைசெய்யப்பட்ட பொருள் ஒன்று என் கட்டிலுக்குக் கீழ் வாழ்கிறது. சோறு வேகும்போதே மேல் தட்டில் நாலு முட்டை. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். காய்ந்த சோயா மீட்டில் பாதிக்குப் பாதி புரதம். முதல் நாள் இரவே ஊறப்போட்ட பயறு. சனிக்கிழமை சந்தையில் நெத்தலிக் கருவாடு (அறை நண்பர்கள் ஒரு கிழமை பேச மாட்டார்கள், அது வேறு). பாரம் தூக்குகிறவனுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் போதும் என்கிறார்கள், உனக்கு 85 கிராம் சொச்சம். டப்பா விலையில் இதை இரண்டு மாதம் ஓட்டலாம்.

உண்மையில் எங்களுக்குத் தெரிவுகள் குறைவு. வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவோ, யாழ். பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கிற கிளிநொச்சி அறிவியல்நகரோ, இரண்டும் டவுனுக்கு வெளியே. பின்னேரம் லெக்சர் முடிந்து பசியோடு வந்தால் கண்ணுக்கு முன் இருப்பது றோல்ஸ், பணிஸ், சோடா. 2016 முதல் மென்பானப் போத்தலில் சீனிக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக்குறி போடுகிறார்கள். நாங்கள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறோம். சோடாவைக் குறை சொல்லி முடித்துவிட்டு என் பிளேன்ரீயை எண்ணிப் பார்த்தேன். நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. பதினைந்து கரண்டி, குறைந்தது 60 கிராம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற மேல் எல்லையே 50தான். ஒரு றோல்ஸும் சாப்பிடாமலே எல்லையைத் தாண்டிவிட்டேன். இப்போது ஒரு கரண்டி. முதல் கிழமை கழனித்தண்ணி மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது.


பழையமாணவி | செவ்வாய் காலை 10.15

‘எங்கள் காலத்தில் யாரும் மயங்கி விழவில்லை’ என்று எழுதிய அண்ணனுக்கு. நானும் உங்கள் காலம்தான்.

எனக்கு முதல் கிழமையிலேயே சீனியர்ஸ் வைத்த பெயர் ‘தார்’. என் நிறத்துக்கு. மூன்று மாதம் கன்ரீன் பக்கம் போகவில்லை, போனால் வரிசை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு பேஸ்புக்கில் ஒருவர் விற்ற வெள்ளையாக்கும் கிறீம் வாங்கினேன், பெயரில்லாத சின்ன டப்பா. இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று வந்தது. எல்லாரும் கேட்டார்கள், பாலைப்பழத்திடம் டயட் கேட்ட மாதிரியே. ஆறாவது கிழமை கன்னத்தில் நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு, பரு, பூனை மயிர். நிற்பாட்டினால் எரிவு தாங்க முடியாது, ஆகவே திரும்பப் பூசுவேன். தோல் டாக்குத்தர் டப்பாவை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். ஸ்டீரொய்ட் என்றார். முகம் ஆற ஒன்றரை வருடம் போனது. இந்த மாதிரி கிறீம்களில் பாதரசம் கலப்பதும் உண்டு, அது சிறுநீரகத்துக்குப் போகிற விசம்.

பகிடிவதைக்கு எதிரான 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் உடல் காயம் மட்டுமில்லை, மன வேதனை தருகிற செயலும் குற்றம்தான். அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போய்ச் சொல்லியிருப்பேனா என்றால், இல்லை.


நேரடியாச்சொல்லுவன் | செவ்வாய் காலை 10.50

அக்கா, நான் உங்களைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நியாயமான கேள்வி. எல்லாப் பட்டப்பெயரும் பிழையா? நண்பர்களுக்குள் பகிடி இல்லாமல் கம்பஸ் வாழ்க்கை என்ன வாழ்க்கை?


மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 11.00

மேலே இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். பாலைப்பழத்திடம் படம் கேட்டவருக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. மற்றவர்கள் தொடரலாம்.


கஞ்சிச்சிரட்டை | செவ்வாய் இரவு 11.20

இரவுதான் எழுத வருகிறது.

நேரடி அண்ணாவின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். 2009இல் எனக்கு நாலரை வயது. எனக்கு நினைவில் அதிகமில்லை, எல்லாம் அம்மா சொல்லித்தான். யுத்தத்தின் கடைசி நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீரும்தான் கஞ்சி. பால் இல்லை. மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாகச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறோமே, அது. பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். அங்கே ஒரு நாடா வைத்திருந்தார்களாம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டது. சின்னப் பிள்ளைகளின் மேற்கையில் சுற்றிப் பார்ப்பார்கள். எனக்குச் சிவப்பில் நின்றது. அம்மா அந்த நிறத்தை மறக்கவே இல்லை.

நான் இப்போது 72 கிலோ. வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் அம்மா முதலில் பையை வாங்க மாட்டார். என் மேற்கையைத் தன் கையால் சுற்றிப் பிடிப்பார். விரல் இரண்டும் தொடவில்லை என்று கண்ட பிறகுதான் “வா, கை கழுவு” என்பார். எனக்கு அது கோபமாக இருந்த காலம் உண்டு. சோற்றைக் குறைத்துப் போடச் சொன்னால் முகம் வாடிவிடும், அதற்காகவே சாப்பிட்டு எடை கூடினேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வேலை செய்தேன். சோற்றைக் குறைக்கச் சொல்வதை விட்டுவிட்டு, கறியைக் கூட்டிக் கேட்டேன். “அம்மா, அந்த முருங்கையிலை வறையில் இன்னொரு கரண்டி.” கோப்பை நிறைந்தே இருந்தது, அவருக்கும் திருப்தி. பாலைப்பழம், உங்கள் அம்மா படலையடியில் அழுதது எதைக் கண்டு என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வயதுக் கணக்கில் அவரும் அந்தக் கஞ்சி காய்ச்சியவராகத்தான் இருப்பார்.

இனிப் பட்டப்பெயர். என் வலது கெண்டைக்காலில் ஒரு பள்ளம், உள்ளே எறிகணைச் செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் அரிசி மாதிரித் தெரியும். எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். முதலாம் வருடம் முழுக்க நான் காற்சட்டை போட்டுப் பந்தடித்ததில்லை, அந்த வெயிலுக்கும் நீளக் காற்சட்டை. ஒரு நாள் கிணற்றடியில் மலையகத்துப் பெடியன் ஒருவன் கண்டுவிட்டு, நாய் கடித்ததா என்று கேட்டான். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் வாளியைப் பிடித்தபடி நின்றவன், “அப்ப நீ எயார்போட்டால போனா மெசின் கத்துமா மச்சான்?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “‘மெட்டல்’ எண்டு கூப்பிடவா?” என்று கேட்டான். சரி என்றேன். இப்போது பட்ச் முழுக்க நான் மெட்டல், காற்சட்டையும் போடுகிறேன்.

அவன் கேட்டுவிட்டு வைத்தான் அண்ணா. யானை ஒட்டினவர் கேட்கவில்லை.


நேரடியாச்சொல்லுவன் | புதன் காலை 7.05

சரி தம்பி. விளங்குது.


பாலைப்பழம் | சனி இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. டாக்குத்தரிடம் போனேன். ஹீமோகுளோபின் 10.4. இரும்புக் குளிசை தந்திருக்கிறார், ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். எடை எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன், “முதலில் மூன்று நேரமும் சாப்பிட்டுவிட்டு வா, பிறகு பேசுவோம்” என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். 2009இல் நான் சின்னப் பிள்ளையாம். கன காலமாகச் சொல்லாத கதைகள் வந்தன, அவற்றை இங்கே எழுதவில்லை. நேற்று வரும்போது எள்ளுருண்டை ஒரு பெரிய போத்தல் நிறையக் கட்டித் தந்தார். பழைய பயம் வந்தது, உண்மை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை கலோரி என்று போனில் தேடினேன். மாங்குளம் வருவதற்குள் இரண்டு சாப்பிட்டேன். இன்றைக்கும் இரண்டு.

படம் ஒட்டினவருக்கு மெசேஜ் போட்டேன், “அதை அழித்துவிடு, எனக்கு அது பகிடி இல்லை” என்று. அழித்துவிட்டார். பதில் “ஓகே”. மன்னிப்பு எல்லாம் இல்லை.

நடக்கத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். கிழமைக்கு 150 நிமிடம் என்று வாசித்தேன், ஐந்து நாள் அரை மணித்தியாலம். டாக்குத்தரும் மெதுவாக நடக்கலாம் என்றார். ஆனால் தனியாக விடியப்புறம் எப்படி? ரோட்டில் நாய். மோட்டார் சைக்கிளில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் நாயை விட மோசம். பெடியள் ‘விடிய எழும்பி ஓடு’ என்று லேசாகச் சொல்கிறீர்கள்.


பழையமாணவி | சனி இரவு 8.55

நாங்கள் மூன்று பேராகப் போவோம், குளக்கட்டால். மூன்று பேர் என்றால் மோட்டார் சைக்கிள் நிற்காது. நாய்க்குத்தான் பிஸ்கட் தேவை.


இரும்புக்கை | சனி இரவு 9.10

இரத்தம் சோதித்தாயிற்று, எல்லாம் சரி. டப்பா வாங்கவில்லை. ரைஸ்குக்கர் அண்ணா, சோயா மீட் ஊறவைக்காமல் போட்டுவிட்டேன், செருப்பு மாதிரி வந்தது.


வரம்போரம் | சனி இரவு 9.25

பாலைப்பழம், நான் இன்றைக்குத்தான் இதில் சேர்ந்தேன். இரண்டாவது பந்தியிலேயே நீ யாரென்று தெரிந்துவிட்டது. செருப்பைத் தேடினது நான்தான். ஒன்றுதான் கிடைத்தது, மற்றது இன்னும் சேற்றுக்குள் கிடக்கிறது. நாளைக் காலை 5.45க்கு விடுதிக் கேற்றடியில் நிற்கிறேன், பக்கத்து அறைக்காரியும் வாறாள். டோர்ச் என்னிடம் இருக்கிறது. நீ எள்ளுருண்டையைக் கொண்டு வா.